ஸ்னோடிராப் விதைத் தொட்டிகள்: 2017 முதல் 2025 வரை

கேம்பிரிட்ஜ் நகருக்குத் தெற்கே, சுண்ணாம்பு கலந்த களிமண் நிலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்தோட்டத்தில், வடக்குச் சுவரின் நிழலில் இன்று முப்பத்திரண்டு சிறு தொட்டிகள் மணலில் பாதி புதைந்து நிற்கின்றன. அவற்றில் இருப்பவை எல்லாம் ஸ்னோடிராப் நாற்றுகள். எதுவும் கடையில் வாங்கியதன்று, எல்லாமே விதையிலிருந்து வந்தவை. அவற்றை எப்படி வளர்த்தேன், எங்கே தவறினேன், யாரோடு எதை மாற்றிக்கொண்டேன் என்பதைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து இங்கே எழுதுகிறேன். விதை முளைப்பதற்கும் பூ வருவதற்கும் இடையில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும் செடி இது. ஆகவே ஓர் ஆண்டில் செய்த பிழை தெரியவரும்போது அதைத் திருத்தும் காலம் கடந்துவிட்டிருக்கும். என்னுடைய பிழைகள் இன்னொருவருக்கு ஓர் ஆண்டையாவது மிச்சப்படுத்தலாம்.

இந்தப் பூவைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன வெங்காயம் அளவுள்ள ஒரு கிழங்கு. அதிலிருந்து இரண்டு இலைகள். நடுவில் ஒரு சாண் உயரக் காம்பு. அதன் நுனியில் தலை கவிழ்ந்து தொங்கும் ஒற்றை வெள்ளைப் பூ. வெளியே மூன்று நீண்ட இதழ்கள், உள்ளே மூன்று குட்டை இதழ்கள், உள்ளிதழ்களின் நுனியில் பச்சைக் குறி. இங்கே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், மரங்கள் மொட்டையாக நிற்கும்போது இது பூக்கும். தாவரப் பெயரான கலாந்தஸ் என்பதை லின்னேயஸ் 1753-இல் இட்டார்; பால், பூ என்னும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது அது. இனங்கள் ஏறத்தாழ இருபதுதான். ஆனால் அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெயரிடப்பட்ட வகைகள் இரண்டாயிரத்தைத் தாண்டும். வகைக்கும் வகைக்கும் உள்ள வேறுபாடு சில சமயம் அந்தப் பச்சைக் குறியின் வடிவம் மட்டுமே. திண்டுக்கல் பக்கம் இருக்கும் அம்மாவுக்கு முதன்முதலில் படம் அனுப்பியபோது, "மணம் இருக்கா? தலையில வைக்கலாமா?" என்றுதான் கேட்டார். வெயில் படும் நடுப்பகலில் குனிந்து முகர்ந்தால் தேன் மணம் உண்டு என்று சொன்னேன். குனிந்து முகர வேண்டிய பூவைச் சூடுவது எப்படி என்று அதோடு விட்டுவிட்டார்.

நாங்கள் 2015-இல் இந்த வீட்டுக்கு வந்தபோது, தோட்டக் கோடியில் இருந்த ஹேசல் மரத்தடியில் பழைய குடியிருப்பாளர் யாரோ நட்ட ஸ்னோடிராப் கூட்டம் ஒன்று இருந்தது. சாதாரண நிவாலிஸ் இனம். 2017 பிப்ரவரியில் ஒருநாள் களை எடுக்கக் குனிந்தபோது, அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் வெளியிதழ்களின் நுனியிலும் மெல்லிய பச்சைக் கோடு உள்ள பூக்கள் மூன்று நிற்பதைக் கண்டேன். இரண்டு ஊர் தள்ளி வாழும், ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பூவைச் சேர்த்துவரும் முதியவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் நேரில் வந்து, முழங்கால் மண்ணில் பட மண்டியிட்டு, அந்த மூன்று பூக்களையும் விரலால் நிமிர்த்திப் பார்த்தார். ஒரு கிழங்கு தருவாயா என்று கேட்டார். நான் கொடுத்தேன். அடுத்த வாரம் ஈரப் பாசியில் சுற்றி, முட்டை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, 'டிரிம்' என்னும் வகையின் கிழங்கு ஒன்றைத் தந்தார். என் முதல் மாற்று அதுதான்.

'டிரிம்' பற்றிச் சில சொற்கள் தேவை, ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே அதிலிருந்து தொடங்குகிறது. பிரிஸ்டல் நகரின் வெஸ்ட்பரி-ஆன்-டிரிம் பகுதித் தோட்டமொன்றில் கிடைத்த, பிளிகேட்டஸ் இனத்தைச் சேர்ந்த வகை அது. அதன் வெளியிதழ்கள் உள்ளிதழ்களின் வடிவத்தையும் பச்சைக் குறியையும் எடுத்துக்கொண்டு, ஓரங்கள் வெளிப்புறம் வளைந்து, கூரை விளிம்பு தூக்கிய சிறு கோபுரம்போல் தோன்றும். இந்தக் குணம் அதன் சந்ததிக்கும் இறங்கும் என்பதால்தான் விதை போடுபவர்கள் அதை விரும்புகிறார்கள். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: 'டிரிம்' கிழங்கு பிரிந்து இரண்டானால் இரண்டும் 'டிரிம்'. அதன் விதையிலிருந்து வருவது 'டிரிம்' அன்று. பெயர் கிழங்குவழியே செல்லும், விதைவழியே செல்லாது. ஒட்டு மாங்கன்றுக்கும் கொட்டை மாங்கன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நம்மவர்களுக்கு இது புதிதன்று. ஆனாலும் மாற்றிக்கொள்ளும் இடங்களில் தாயின் பெயரை நாற்றுக்கும் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் வரும் குழப்பம் தலைமுறைக்கும் தீராது.

முதல் விதைப்பு 2017-இல் நடந்தது. அது கெட்டுப்போனதற்குக் காரணம் நான் வளர்ந்த வீட்டின் பழக்கம். எங்கள் வீட்டில் கத்தரி, அவரை, புடலை விதைகளைக் காயவைத்து, சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து அடுப்படி உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். நன்றாகக் காய்ந்த விதைதான் நல்ல விதை என்பது எனக்கு இளமையிலேயே பதிந்த பாடம். எனவே ஜூன் மாதத்தில் ஹேசல் மரத்தடியில் சேகரித்த அறுபது விதைகளைத் தாளில் பரப்பி உலர்த்தி, உறையிலிட்டு, அக்டோபரில் விதைத்தேன். 2018 வசந்தத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. தொட்டியைக் கொட்டிவிடாமல் வைத்திருந்ததால் 2019-இல் ஏழு முளைத்தன, அவ்வளவுதான்.

காரணம் இந்த விதையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்னோடிராப் விதை எறும்புக்காகப் படைக்கப்பட்டது. வெளிறிய தந்த நிறத்தில், மிளகைவிடச் சற்று நீண்டிருக்கும் ஒவ்வொரு விதையின் முனையிலும் வால்போல் சுருண்ட ஒரு கொழுப்புச் சதை உண்டு. காய் பழுத்ததும் காம்பு தளர்ந்து தரையில் சாய்ந்து, காய் வெடிக்கும். எறும்புகள் அந்தச் சதைக்காக விதையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, சதையைத் தின்றுவிட்டு விதையை ஈர மண்ணுக்குள் போட்டுவிடுகின்றன. அதாவது இயற்கையில் இந்த விதை உலர்ந்து கிடக்கும் காலமே இல்லை. காயிலிருந்து நேரே ஈர மண். அங்கே கோடை முழுவதும் இதமான சூட்டில் உள்ளிருக்கும் முளை வளர்கிறது. பிறகு குளிர் வந்ததும் வெளியே எட்டிப் பார்க்கிறது. சூடும் ஈரமும் முதலில், குளிர் பின்னால் என்பதே வரிசை. உலர்த்தி அக்டோபரில் விதைத்த நான் அந்தச் சூட்டுக் காலத்தை அதனிடமிருந்து பறித்துவிட்டேன். ஆகவே அது இன்னொரு கோடைக்காகக் காத்திருந்தது, அல்லது செத்துப்போனது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். இந்தச் செடிக்குப் பட்டம் வைகாசியிலேயே வந்துவிடுகிறது, காய் பழுத்த அன்றே.

2018 பிப்ரவரியில், இந்தப் பாடம் தெரிவதற்கு முன்பே, கையால் மகரந்தம் சேர்க்கும் வேலையைத் தொடங்கியிருந்தேன். தாயாக எல்வெசியை என்னும் இனத்தின் திடமான செடி ஒன்றையும், தந்தையாக 'டிரிம்'மையும் எடுத்தேன். எல்வெசியை இனத்துக்கு அந்தப் பெயர் வந்தது ஹென்றி ஜான் எல்வெஸ் என்பவரால். 1874-இல் துருக்கியின் இஸ்மிர் நகருக்கு அருகே மலையில் அவர் அதைக் கண்டு சேகரித்தார். குளஸ்டர்ஷயரில் அவருடைய கோல்ஸ்போர்ன் தோட்டம் இன்றும் பிப்ரவரியில் மக்கள் சென்று பார்க்கும் இடமாக இருக்கிறது. பிளிகேட்டஸோ கிரிமியாவில் இயல்பாக வளர்வது. 1850-களின் கிரிமியப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் அதன் கிழங்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். ஒன்று இஸ்மிர் மலையிலிருந்தும் மற்றொன்று போர்க்களத்திலிருந்தும் வந்த இரண்டு வழிகள் என் தோட்டத்துச் சிறு தொட்டியில் சேர்கின்றன என்பது அந்த வேலையைச் செய்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

வேலை இப்படி நடந்தது. எல்வெசியையின் மொட்டு உறையைக் கிழித்துத் தலை கவிழ்ந்ததும், இதழ்கள் விரிவதற்கு முன்பே அவற்றை நகத்தால் மெல்ல விலக்கி, நுண்ணிய இடுக்கியால் ஆறு மகரந்தப்பைகளையும் எடுத்துவிட்டேன். அவை ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில், ஊசி நுனிகள் ஒன்றுசேர்ந்த கூம்புபோல் சூலகத்தண்டைச் சுற்றி நிற்கும். பிறகு வலைத்துணிப் பை ஒன்றைப் பூவின்மேல் கவிழ்த்துக் கட்டினேன். கல்யாண வீடுகளில் இனிப்புப் போட்டுக் கொடுக்கும் அதே வகைப் பை. வெயில் அடித்து வெப்பநிலை 10 பாகையைத் தாண்டினால்தான் இந்தப் பூவின் வெளியிதழ்கள் அகல விரியும். அப்படிப்பட்ட ஒரு நடுப்பகல் பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் கிடைத்தது. 'டிரிம்' பூவின் கீழே கட்டைவிரல் நகத்தை நீட்டிக் காம்பைச் சுண்டினேன். மகரந்தப்பைகளின் நுனித் துளைகள்வழியே வெளிர்மஞ்சள் தூள் உப்பைத் தூவியதுபோல் நகத்தில் விழுந்தது. கருநிற நகப்பூச்சு இட்டிருந்ததால் அது தெளிவாகத் தெரிந்தது. நகத்தை அப்படியே கொண்டுபோய் எல்வெசியையின் சூலகமுடியில் தொட்டேன். மூன்று பூக்களுக்கு, தொடர்ந்து மூன்று நாள்கள் இதைச் செய்தேன்.

அதற்கடுத்த வாரம் கிழக்கிலிருந்து கடுங்குளிர் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் இங்கிலாந்து முழுவதும் பனி கொட்டியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். காலையில் பார்த்தால் என் மூன்று பூக்களும் வெந்த கீரைபோல் தரையில் படுத்துக் கிடந்தன. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் உறைபனிக்கு இந்தச் செடி சாய்ந்து கொடுத்துப் பிழைக்கிறது. உறைவு தளர்ந்ததும் காம்பு மீண்டும் விறைத்து நிமிர்கிறது. ஒரு வாரம் கழித்து மூன்றும் எழுந்து நின்றன. ஏப்ரலில் மூன்றிலும் காய் பிடித்திருந்தது.

எல்லா வகையிலும் காய் பிடிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நிவாலிஸின் அடுக்குப்பூ வகை விதை வைப்பதில்லை; ஆனால் அதன் மகரந்தம் சில சமயம் பயன்படும். நார்ஃபோக்கில் ஹெய்ரிக் கிரேட்டோரெக்ஸ் என்பவர் 1940-களில் அந்த மகரந்தத்தைப் பிளிகேட்டஸில் சேர்த்து, 'ஒஃபீலியா', 'ஹிப்போலிட்டா', 'டெஸ்டிமோனா' முதலிய அடுக்குப்பூக்களை உண்டாக்கினார். ஷேக்ஸ்பியர் நாடகப் பெண்களின் பெயர்கள் அவை. அவர் வேலை செய்த காலத்தில் இன்றைய வசதிகள் எதுவும் இல்லை. தாயாக முடியாத செடி தந்தையாக முடியும் என்பதை உணர்ந்ததே அவருடைய திறமை என்று நான் கருதுகிறேன்.

காய் சுண்டைக்காய்போல் பச்சையாகப் பருத்து, மே மாத இறுதியில் மஞ்சளாகும். இந்தக் கட்டத்தில் நாள்தோறும் பார்க்க வேண்டும். 2018 மே மாதக் கடைசியில் இரண்டு காய்கள் பைக்குள்ளேயே வெடித்திருந்தன. மூன்றாவது விரலால் அழுத்தியதும் பிளந்தது. மொத்தம் 41 விதைகள். அவற்றை ஒரு தட்டில் கொட்டித் தோட்டத்து மேசையில் வைத்துவிட்டுத் தொட்டியை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் மேசைக் காலில் எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து விதைகளை அவற்றின் வாயிலிருந்தே மீட்டேன். கொழுப்புச் சதையின் மணம் அவ்வளவு விரைவில் அவற்றை அழைத்துவிடுகிறது. அதன்பின் விதை எடுக்கும் வேலையை வீட்டுக்குள்ளேதான் செய்கிறேன்.

விதைப்பதற்கு ஒரு லிட்டர் கொள்ளும் ஆழமான தொட்டியே நல்லது, ஏனெனில் நாற்று தன் சிறு கிழங்கை ஆண்டுதோறும் கீழே இழுத்துக்கொள்ளும். மண்கலவை நானே சேர்ப்பது: சலித்த தோட்டமண் அடிப்படையிலான கலவை இரண்டு பங்கு, இரண்டு ஆண்டு மக்கிய இலைமட்கு ஒரு பங்கு, குறுணிக்கல் ஒரு பங்கு. விதைகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பி, மேலே குறுணிக்கல்லை விரல் தடிமனுக்குப் போட்டேன். மழை அடித்தாலும் விதை மேலே வராது, பாசியும் பிடிக்காது. பெயர்ச்சீட்டைக் கரிப்பென்சிலால் எழுத வேண்டும். அழியாத மை என்று விற்கும் பேனாக்கள் இரண்டு கோடைக்குமேல் தாங்குவதில்லை. தாய், தந்தை, விதைத்த நாள் மூன்றும் எழுதி ஒரு சீட்டை மேலேயும், அதன் நகலைத் தொட்டிக்குள் மண்ணிலும் வைத்தேன். கரும்பறவைகள் மேல் சீட்டைப் பிடுங்கி எறிந்த போதெல்லாம் உள்சீட்டுத்தான் காப்பாற்றியது.

அந்த ஆண்டுக் கோடை நெடிய வறட்சி. தொட்டிக்குள் ஒன்றுமே தெரியாத அந்த மாதங்களில்தான் ஈரம் காக்க வேண்டியிருந்தது. வெறும் கல்லுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். ஆயினும் வாரம் இருமுறை ஊற்றினேன். 2019 ஜனவரி 12 அன்று கல்லுக்கிடையில் முதல் முளை தெரிந்தது. நாற்றங்காலில் நெல் முளைத்ததுபோல் ஒற்றை இலை, நூல் கனம். மார்ச்சுக்குள் 29 எண்ணினேன். உலர்ந்த அறுபதிலிருந்து இரண்டு ஆண்டில் ஏழு, உலராத 41-இலிருந்து ஒன்பதே மாதத்தில் 29.

முதல் இரண்டு ஆண்டுகள் அவற்றைக் கலைக்கவில்லை. இலை பச்சையாக இருக்கும் வாரங்களில் மட்டும், தக்காளிச் செடிக்குக் கொடுக்கும் சாம்பல்சத்து மிகுந்த திரவ உரத்தைப் பாதி அளவு நீர்த்து இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தேன். இலை நீடிக்கும் ஒவ்வொரு வாரமும் கிழங்கின் பருமனில் சேர்கிறது. இலை மஞ்சளாவதைத் தள்ளிப்போடுவதே வளர்ப்பவரின் வேலை. 2020 ஜூலையில் தொட்டியைக் கவிழ்த்தபோது பட்டாணி அளவுக் கிழங்குகள் 25 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துத் தனித்தனித் தொட்டியில் வைத்தேன்.

அதே வசந்தத்தில் நடந்த ஒரு கெடுதலையும் எழுதியாக வேண்டும். மாற்றில் வந்த ஒரு கிழங்கை, ஆவலால், நாற்றுகளுக்கு அடுத்தே வைத்திருந்தேன். மார்ச்சில் அதன் இலைநுனி செம்பழுப்பாகக் கருகியது. பனியில் பட்டிருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் அந்தக் கருகல் இலையின் பாதிவரை இறங்கி, அருகிலிருந்த தொட்டிகளுக்கும் தாவியது. ஸ்டாகனோஸ்போரா என்னும் பூஞ்சை அது. ஸ்னோடிராப்பும் சேர்ந்த அமரில்லிஸ் குடும்பச் செடிகள் பலவற்றைத் தாக்கும், மழைத்துளி தெறித்துப் பரவும். வந்த கிழங்கையும், ஹேசல் மரத்தடியிலிருந்து நான் பிரித்து வைத்திருந்த ஒன்பது தொட்டிகளையும் மண்ணோடு குப்பையில் போட்டேன். மட்குக் குழியில் போடக் கூடாது. அந்தப் பச்சை நுனிப் பூவின் மீதிக் கிழங்குகளும் அவற்றில் இருந்தன. இப்போது வெளியிலிருந்து எது வந்தாலும், எவ்வளவு நம்பிக்கையானவர் தந்தாலும், தோட்டத்தின் எதிர்க்கோடியில் ஒரு முழு ஆண்டு தனியே வைத்துப் பார்க்கிறேன். கத்தியையும் இடுக்கியையும் ஒவ்வொரு தொட்டிக்கும் இடையில் சாராயத் திரவத்தில் துடைக்கிறேன்.

மாற்றுவதைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்னோடிராப்பைப் பூ உதிர்ந்து இலை பச்சையாக இருக்கும்போதே தோண்டிக் கொடுப்பது இங்கே வழக்கம். எது எந்த வகை என்பது அப்போது ஐயமின்றித் தெரியும் என்பதே அதன் முதல் நன்மை. காய்ந்த கிழங்காக நெடுநாள் கிடந்தால் சுருங்கிவிடும். ஈரத்தாளில் வேரைச் சுற்றி, இலையை மடிக்காமல், உறுதியான பெட்டியில் அனுப்பினால் மூன்று நாள் தாங்கும். 2020 மார்ச்சில், ஊரடங்கு அறிவிக்கப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன், என் 'டிரிம்' பிரிந்து தந்த பக்கக் கிழங்கு ஒன்றை யார்க்ஷயரில் இருக்கும் தோழி ஒருவருக்கு அப்படித்தான் அனுப்பினேன். அவர் பதிலுக்கு மஞ்சள் குறியுள்ள நிவாலிஸ் ஒன்றை அனுப்பினார்.

ஜெர்மனியில் இருக்கும் ஒருவரோடு தொடங்கிய மாற்று 2021-இல் நின்றுபோனது. கலாந்தஸ் பேரினம் முழுவதும் 1990 முதல், காட்டு விலங்கு, தாவர வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபின், எல்லை தாண்டும் ஒரே ஒரு கிழங்குக்கும் அந்த ஒப்பந்தத்தின்படியான அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இரண்டு பேர் பூ மாற்றிக்கொள்வதற்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. வருத்தம்தான், ஆனால் அந்தச் சட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. துருக்கி மலைகளிலிருந்து காட்டுக் கிழங்குகள் கணக்கின்றித் தோண்டப்பட்ட காலம் இருந்தது. துருக்கியும் ஜார்ஜியாவும் இன்று ஆண்டு ஒதுக்கீட்டுக்கு உட்பட்டே அவற்றை ஏற்றுமதி செய்கின்றன. தோட்டத்துக் காயிலிருந்து விதை எடுத்து வளர்ப்பவர் ஒரு காட்டுச் செடியையும் அசைப்பதில்லை என்பது எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த ஒன்று.

2022 பிப்ரவரி 3. நான்காவது எண், ஏழாவது எண், பதினொன்று, பத்தொன்பது ஆகிய நான்கும் பூத்தன. முதலில் பார்த்தது பூவையன்று, இலையை. எல்வெசியையின் இலைகளில் ஒன்று மற்றொன்றைச் சட்டைபோல் சுற்றிக்கொண்டு வெளிவரும். பிளிகேட்டஸின் இலை ஓரங்கள் பின்புறமாக மடிந்திருக்கும். நிவாலிஸின் இலைகள் கூப்பிய கைகள்போல் தட்டையாக ஒட்டியிருக்கும். என் நாற்றுகளில் அடிப்பகுதி சுற்றியும், மேலே ஓரம் லேசாக மடிந்தும் இருந்தது. இரண்டின் கலப்புத்தான், தேனீ செய்த வேறு வேலை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பூக்களில் மூன்று சாதாரணமானவை. ஏழாவது எண்ணின் வெளியிதழ்கள் மட்டும் குட்டையாக, அகன்று, நுனியில் தலைகீழ் இதயம்போல் பச்சைக் குறியோடு இருந்தன. 'டிரிம்'மின் தூக்கிய விளிம்பு அதற்கு இல்லை. கிண்ணம்போல் நேராக இறங்கியது. காம்பு 'டிரிம்'மைவிடத் தடிப்பு. நானும் மனைவியும் குளிரில் அதன் முன்னே உட்கார்ந்திருந்தோம். நேரம் போனதே தெரியவில்லை.

அந்த ஆண்டு ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. அதற்கு முன் இந்த நாட்டில் 40 பாகை பதிவானதே இல்லை. என் தொட்டிகள் கருநிற பிளாஸ்டிக். அப்போது மணலில் புதைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. செப்டம்பரில் வேர்விடும் நேரம் பார்த்து மண்ணைக் கிளறியபோது, 'டிரிம்' இருந்த தொட்டியில் பழுப்புத் தோலும் கூழும்தான் இருந்தன. நாற்றுகளில் இரண்டு போயின. ஏழாம் எண் சுவரோரம் நிழலில் இருந்ததால் தப்பியது. மணல் படுக்கை அந்த இழப்புக்குப் பின் கட்டியது: மரச்சட்டம், உள்ளே கூர்மணல், விளிம்புவரை புதைத்த தொட்டிகள். இப்போது கோடையில் தொட்டிக்குள் கைவைத்தால் கிணற்றடி மண்போல் குளிர்ந்திருக்கிறது.

2023-இல் மேலும் பதினொன்று பூத்தன. அவற்றில் நான்கில் வெளியிதழ்ப் பச்சை இருந்தது. ஆனால் ஒன்று காம்பு தாங்காமல் சாய்ந்தது, மற்ற மூன்றும் பிறரிடம் ஏற்கெனவே இருக்கும் பூக்களிலிருந்து வேறுபடுத்த முடியாதவை. அவற்றை ஹேசல் மரத்தடியில் நட்டுவிட்டேன். அங்கே அவை அழகாக இருக்கின்றன, பெயர் வேண்டியதில்லை. இந்தப் பூவுக்குச் சந்தை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரிந்ததே. 2015-இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' கிழங்கு ஒன்று 1,390 பவுண்டுக்கும், 2022-இல் 'கோல்டன் டியர்ஸ்' 1,850 பவுண்டுக்கும் இணைய ஏலத்தில் போயின. அந்த விலைகளைப் பார்த்துவிட்டு, பச்சைப் புள்ளி சற்றே மாறினாலும் உடனே ஒரு பெயரைச் சூட்டிவிடும் அவசரம் பரவியிருக்கிறது. ஒரு நாற்றை ஐந்து பூக்காலமாவது பார்க்க வேண்டும், அது பெருகுகிறதா, நோய் தாங்குகிறதா, வேறொரு மண்ணிலும் அதே முகம் காட்டுகிறதா என்று அறிய வேண்டும், பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பிறகே நெதர்லாந்தில் குமிழ்ச்செடிப் பெயர்களைப் பதிவு செய்யும் அமைப்புக்கு எழுதலாம்.

2024 மார்ச்சில் யார்க்ஷயர்த் தோழியிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. ஈரத்தாளுக்குள் 'டிரிம்' கிழங்குகள் இரண்டு. நான் அனுப்பிய ஒன்று அங்கே ஐந்தாகியிருந்தது. முதியவர் எனக்குத் தந்தது, நான் தோழிக்குத் தந்தது, தோழி எனக்குத் திருப்பித் தந்தது எல்லாம் ஒரே செடிதான். ஆகவே சீட்டில் 'டிரிம்' என்று தயக்கமின்றி எழுதினேன். நெருங்கிய தோழியிடமிருந்தே வந்தாலும் எதிர்க்கோடியில் ஓர் ஆண்டு வைத்தேன்.

ஏழாம் எண் 2025 ஜூனில் மூன்று கிழங்காகியிருந்தது. கிழங்கைச் செங்குத்தாகச் சிறு துண்டுகளாக அறுத்து, வெர்மிகுலைட் என்னும் ஈரம் காக்கும் கனிமத் துகள் நிரப்பிய பையில் 20 பாகையில் பன்னிரண்டு வாரம் வைத்துக் குட்டிக் கிழங்குகளைப் பெறும் வழியும் உண்டு. மூன்றே இருக்கும்போது கத்தி வைக்க மனம் வரவில்லை. ஒன்றை மணல் படுக்கையில் வைத்தேன். ஒன்றைச் சுவரோர நிலத்தில், தொட்டியின்றி, நேரே களிமண்ணில் நட்டேன். மூன்றாவதை ஈரப் பாசியில் சுற்றி, முட்டை அட்டைப் பெட்டியில் வைத்து, இரண்டு ஊர் தள்ளி முதியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரால் இப்போது மண்டியிட முடிவதில்லை. உயரமான கல்தொட்டி ஒன்றில் நான் நட, அவர் பெயர்ச்சீட்டை எழுதினார். தன் பழைய பெட்டியிலிருந்து கரிப்பென்சிலை எடுத்து, என்ன எழுதட்டும் என்று கேட்டார். எல்வெசியை, பெருக்கல் குறி, 'டிரிம்', 2018, எண் 7 என்றேன். அப்படியே எழுதினார். திரும்பும்போது அந்தத் தொட்டிக்கு அடுத்ததைக் காட்டினார்: 2017-இல் என் ஹேசல் மரத்தடியிலிருந்து போன அந்தப் பச்சை நுனிப் பூ, இப்போது இருபது கிழங்குக்கு மேல். பிப்ரவரியில் பூத்ததும் அதில் மூன்றை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவற்றுக்கான தொட்டியையும் எதிர்க்கோடியில் இடத்தையும் தயார் செய்து வைத்திருக்கிறேன்.